வில்லியனூர் வழியே ஓடிய அச்சுகள்

1879-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 15-ஆம் தேதி, விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரியை அடையும் மீட்டர் கேஜ் ரயில் பாதை போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. அதற்கு மூன்று மாதங்கள் கழித்து, 1880 மார்ச் 12-ஆம் தேதியிட்ட பிரெஞ்சு சர்க்காரின் ஆணைப்படி, வில்லியனூரும் பாகூரும் தமக்கென ஆட்சிமன்றங்களை உடைய கொம்யூன்களாக அமைந்தன. இவ்விரண்டு சம்பவங்களுக்கும் சரித்திரத்தில் இடம் உண்டு. ஆனால் தன் இரு சக்கரங்களோடு தானும் சேர்ந்து சுழன்றுகொண்டே பாரம் சுமக்கும் இரும்பு அச்சு, வில்லியனூர் வயல்வெளிகளைக் கடந்து நாள்தோறும் ஓடத் தொடங்கியதும் அந்த டிசம்பர் மாதத்தில்தான் என்பதைச் சரித்திரம் எழுதுவோர் பொருட்படுத்துவதில்லை. அதுவரை இப்பிரதேசத்துக் கொல்லர்களின் கவலைக்கு உட்படாதிருந்த கேள்வி ஒன்று அந்த அச்சோடு கூடவே வந்து சேர்ந்தது: பாரம் தாங்கும் இரும்பின் மேற்பரப்பு எவ்வளவு வழவழப்பாக இருக்க வேண்டும்? பார்ப்பதற்கு அழகு சம்பந்தப்பட்டதாகத் தோன்றும் இக்கேள்வி, உண்மையில் ஆயுள் சம்பந்தப்பட்டது என்பதை உலகம் பல உயிர்களைப் பறிகொடுத்த பின்னரே உணர்ந்துகொண்டது.

ரயில் வருவதற்கு முன் இப்பிரதேசத்தின் பாரத்தையெல்லாம் சுமந்தது மாட்டு வண்டி. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் சந்தா சாகிபின் தயவால் பிரெஞ்சுக்காரர் வசம் வந்த வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள், ஊசுட்டேரியாலும் பாகூர் ஏரியாலும் பாசனம் பெற்று நெல் விளைவித்தன. அந்த நெல்லும், வைக்கோலும், கரும்பும் வண்டிப் பாட்டைகளின் வழியாகவே பட்டணம் போய்ச் சேர்ந்தன. வண்டிக்கு உயிர்நிலையான இருசு என்னும் அச்சைச் செய்து கொடுப்பவர் ஊர்க்கொல்லர். அவர் நீண்ட இரும்புச் சட்டத்தை உலையில் இட்டு, துருத்தி ஊதிச் சிவக்கக் காய்ச்சி, பட்டறைக்கல்லின்மீது வைத்துச் சம்மட்டியால் அடித்து நீட்டுவார். சக்கரத்தின் குடம் சுழல வேண்டிய இரு நுனிகளை மட்டும் உருட்டி அடித்து, அரத்தால் ராவி வழவழப்பாக்குவார். கடையாணி செருகுவதற்குத் துளையிடுவார். நடுப்பகுதியோ, சம்மட்டியின் வடுக்களும், உலையில் வெந்த கருஞ்செதில்களும் அப்படியே ஒட்டியிருக்க, அச்சுக்கட்டையில் பொருத்தப்பட்டுக் கண்ணுக்கு மறைந்துவிடும். நுனிகளை ராவியதும்கூட வலிமையை உத்தேசித்து அன்று; விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் கலந்து குழைத்த வண்டி மையைப் பூசினால் குடம் தேயாமல் சுழல வேண்டும் என்பதற்காகவே. இவ்வாறு கரடுமுரடாகச் செய்யப்பட்ட இருசு, மூட்டை மூட்டையாக நெல்லைச் சுமந்து, மேடு பள்ளங்களில் விழுந்து எழுந்து, தகப்பனுக்குப் பின் மகனுக்கும் உழைத்தது. அதன் மேற்பரப்பைக் குறித்து எவரும் குறை சொன்னதில்லை. குறை சொல்லக் காரணமும் இல்லை.

காரணம் இல்லாமற் போனதன் ரகசியம், வண்டியில் சக்கரம் மட்டுமே சுழல்கிறது, அச்சு சுழல்வதில்லை என்ற ஒன்றில் அடங்கியிருக்கிறது. பாரம் நடுவில் அழுத்த, சக்கரங்கள் இரு நுனிகளிலும் தாங்க, இருசு மிகச் சிறிதளவு கீழ்நோக்கி வளைகிறது. அவ்வளைவில் அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது, மேற்பக்கம் அமுங்குகிறது. வண்டி எவ்வளவு தூரம் ஓடினாலும் அடிப்பக்கம் அடிப்பக்கமாகவே இருந்து இழுவிசையை அனுபவிக்கிறது. மேற்பக்கம் மேற்பக்கமாகவே இருந்து அமுக்கத்தைத் தாங்குகிறது. பாட்டையின் குலுக்கலால் அவ்விசை கூடிக் குறையுமேயன்றி, இழுவை அமுக்கமாகவும் அமுக்கம் இழுவையாகவும் தலைகீழாவதில்லை. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் ஆலயத்தில் வைகாசிப் பெருவிழாவின்போது, பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்துத் தொடங்கிவைத்த தேருக்கும் இதே நியாயம் பொருந்தும். மாட்டு வண்டியைக் காட்டிலும் பன்மடங்கு பாரம் கொண்ட அத்தேரிலும், அசையாது நிற்கும் அச்சைச் சுற்றியே சக்கரங்கள் உருள்கின்றன. மாட வீதிகளை வலம்வந்து நிலைக்குத் திரும்பும்போது அவை சுழன்றிருப்பது சில நூறு முறைகளுக்கு மேல் இராது. அதன் பிறகு மறு வைகாசி வரை அவற்றுக்கு ஓய்வு.

ரயில் பெட்டியின் அச்சு இவ்விரண்டுக்கும் நேர்மாறானது. சக்கரங்கள் அதன்மீது பெரும் விசையோடு அழுத்திப் பொருத்தப்பட்டிருப்பதால், சக்கரம் சுழலும்போது அச்சும் சுழன்றே தீரவேண்டும். பெட்டியின் பாரம் சக்கரங்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கழுத்துகளின்மீது இறங்குவதால், எந்தக் கணத்திலும் அச்சின் மேற்பக்கம் இழுபட்டும் அடிப்பக்கம் அமுங்கியும் இருக்கும். ஆனால் இந்தக் கணத்தில் மேலே இருக்கும் புள்ளி, அரைச் சுற்று கழிந்ததும் கீழே வந்துவிடுகிறது, இழுபட்டது அமுங்குகிறது, மற்றோர் அரைச் சுற்றில் மீண்டும் இழுபடுகிறது. மீட்டர் கேஜ் பெட்டிகளில் பிற்காலத்தில் வழங்கிய 725 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தை வைத்துக் கணக்கிட்டால், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி வரையுள்ள சுமார் 38 கிலோமீட்டரைக் கடப்பதற்குள் அச்சு 16,600 முறைக்கு மேல் சுழல்கிறது. அதாவது 600 பயணங்களில் ஒரு கோடிச் சுற்று. நாளொன்றுக்கு இருமுறை போய்த் திரும்பும் பெட்டிக்கு இது ஐந்தே மாதத்து வேலை. இத்தனை முறை தலைகீழாகும் விசைக்கு ஆட்படும் இரும்பு, தான் ஒரே முறையில் தாங்கக்கூடிய பாரத்தில் பாதியைக்கூடத் தாங்க இயலாமல் ஒருநாள் முறிந்துவிடக்கூடும் என்பதை, புதுச்சேரிக்கு ரயில் வருவதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்னரே, அதே பிரெஞ்சு தேசத்தின் தலைநகரம் கண்ணீரோடு அறிந்துகொண்டது.

1842-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் தேதி, வெர்சாய் நகரத்தில் மன்னர் லூயி பிலிப்பின் விழாக் கொண்டாட்டங்களைக் கண்டுகளித்துப் பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஜனங்கள் நிறைந்த ரயில், மெதோன் என்ற இடத்தின் அருகே, முன் எஞ்சினின் அச்சு முறிந்ததால் தடம் புரண்டது. பின்வந்த பெட்டிகள் எஞ்சினின்மேல் ஏறித் தீப்பற்றிக்கொண்டன. அக்கால வழக்கப்படி பெட்டிகளின் கதவுகள் வெளிப்புறம் பூட்டப்பட்டிருந்தமையால் உள்ளிருந்தவர்கள் தப்ப வழியில்லாது போயிற்று. உலகத்தைக் கப்பலில் சுற்றிவந்து, தென் துருவக் கடல்களின் பனிக்கெல்லாம் ஈடுகொடுத்து மீண்ட கடலோடி துய்மோன் துர்வில், தம் மனைவியோடும் மகனோடும் அங்கே மாண்டார். மாண்டவர் தொகை ஐம்பதுக்கு மேல். பல நாள் எவ்விதக் குறையும் காட்டாது உழைத்துவந்த ஓர் அச்சு, சாதாரணமான ஓட்டத்தில், சாதாரணமான பாரத்தின்கீழ், ஏன் ஒடிய வேண்டும் என்ற கேள்வி ஐரோப்பிய எஞ்சினியர்களைத் தூங்கவிடவில்லை.

முறிந்த அச்சின் முகத்தைப் பார்த்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். அதன் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு பகுதி வழவழப்பாக, சிப்பி ஓட்டின் வரிகளைப் போல வளைவு வளைவான கோடுகளோடு இருந்தது. எஞ்சிய பகுதி, சர்க்கரைக் கட்டியை உடைத்தாற்போலப் பொடிப்பொடியாக மின்னியது. மின்னும் பகுதியைக் கண்டு ஏமாந்தவர்கள், ஓயாத அதிர்ச்சியால் இரும்பின் நார்த்தன்மை மறைந்து அது படிகமாகிவிடுகிறது என்று முடிவுகட்டினர். இவ்வபிப்பிராயம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியதென்றால், இன்றும் பட்டறைகளில் ஷாஃப்ட் ஒன்று முறிந்தால் ‘இரும்பு கிரிஸ்டல் ஆகிவிட்டது’ என்று சொல்பவர்கள் உண்டு. 1843-இல், இருபத்துமூன்று வயதைத் தாண்டாத ராங்கின் என்ற ஸ்காட்லாந்து இளைஞர், வழவழப்பான பகுதியே கவனிக்க வேண்டியது என்று சுட்டிக்காட்டினார். அச்சின் தடித்த பகுதி ஒடுங்கிக் கழுத்தாக மாறும் கூர்மையான மூலையில் சிறு வெடிப்பு ஒன்று முதலில் தோன்றி, ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக உள்ளே ஊர்ந்து, மிஞ்சிய உலோகம் பாரத்தைத் தாங்க மாட்டாத நிலை வந்ததும் ஒரே கணத்தில் முறிவு நேர்கிறது என்பதும், ஆகையால் அந்த மூலையைக் கூராக விடாமல் வளைவாக அமைக்க வேண்டும் என்பதும் அவர் வாதத்தின் சாரம். சிப்பி வரிகள் வெடிப்பு ஊர்ந்துவந்த பாதையின் சுவடுகள். மின்னும் பகுதி கடைசிக் கணத்தின் சுவடு. இரும்பு திடீரென்று முறிவதில்லை. நெடுநாள் முறிந்துகொண்டே இருந்து, திடீரென்று நமக்குத் தெரியவருகிறது.

இதைப் பரீக்ஷை செய்து அளந்து காட்டிய பெருமை, ஜெர்மானிய ரயில்வே உத்தியோகஸ்தரான ஆகுஸ்ட் வோலர் என்பவரைச் சாரும். அவர் முதலில், ஓடும் வண்டியின் அச்சு எவ்வளவு வளைகிறது என்பதைத் துத்தநாகத் தகட்டில் தானே கீறிக்கொள்ளும் கருவி ஒன்றைப் பொருத்திக் கண்டறிந்தார். பின்னர், அச்சின் மாதிரிகளை யந்திரத்தில் மாட்டி, நுனியில் பாரம் தொங்கவிட்டு, லட்சக்கணக்கான முறை சுழற்றிச் சுழற்றி ஒடித்துப் பார்த்தார். தகைவு, அதாவது உலோகத்தினுள் ஓர் அலகுப் பரப்பில் ஏற்படும் விசை, குறையக் குறைய உலோகம் தாங்கும் சுற்றுகள் பெருகுகின்றன என்பதும், இரும்பையும் எஃகையும் பொறுத்தவரை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே தகைவு இறங்கிவிட்டால் எத்தனை சுற்றுகள் சுழன்றாலும் முறிவே நேர்வதில்லை என்பதும் அவருடைய பரீக்ஷைகளின் பலன். 1867-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் அவருடைய முடிவுகள் உலகத்தின் பார்வைக்கு வைக்கப்பட்டன. இரும்பின் அயர்வு வரம்பு எனப்படும் அந்த எல்லையைக் கண்டறிந்தபின், அந்த எல்லையைத் தீர்மானிப்பது எது என்ற அடுத்த கேள்வி எழுந்தது. அதற்குக் கிடைத்த விடைகளுள் ஒன்றே மேற்பரப்பு.

வளையும் அச்சில் தகைவு உச்சத்தை அடைவது மேற்பரப்பில். மையத்தில் அது ஏறக்குறைய பூஜ்யம். மேலும், உள்ளே இருக்கும் உலோகப் பொடிமணிகளை அண்டைமணிகள் எல்லாப் பக்கமும் பிடித்துக்கொண்டிருக்க, மேற்பரப்பில் உள்ளவற்றுக்கு ஒரு பக்கம் பிடிப்பு இல்லை. 1903-இல் யூயிங், ஹம்ஃப்ரி என்ற இரு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள், கண்ணாடி போல மெருகேற்றிய ஸ்வீடன் இரும்பை மாறி மாறி வளைத்து நுண்பெருக்கியின்கீழ் நோக்கியபோது, மேற்பரப்பு மணிகளில் மெல்லிய வழுக்குக் கோடுகள் தோன்றி, அவை தடித்து, முடிவில் வெடிப்புகளாக மாறியதைப் பிரத்தியட்சமாகக் கண்டனர். மெருகிட்ட இரும்பே தன் மேற்பரப்பில் இவ்வாறு நலிவடையுமானால், ஏற்கனவே கீறலும் பள்ளமும் உடைய இரும்பின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

கீறல் செய்யும் கேடு எத்தகையது என்பதற்குக் கணிதம் வழங்கியவர் இங்கிலிஸ் என்ற எஞ்சினியர், ஆண்டு 1913. தகைவு உலோகத்தினூடே வாய்க்கால் நீரைப் போல ஓடுகிறதென்று கொள்ளலாம்: கரையில் துருத்திக்கொண்டிருக்கும் கல்லைச் சுற்றிக்கொண்டு போகும்போது நீர் நெருங்கி விரைவதுபோல, கீறலின் அடிப்புள்ளியைச் சுற்றிக்கொண்டு போகும்போது தகைவு நெருங்கிப் பெருகுகிறது. எவ்வளவு பெருகும் என்பது கீறலின் ஆழத்தை மட்டும் பொறுத்ததன்று. அதன் அடி எவ்வளவு கூர்மையானது என்பதையும் பொறுத்தது. 0.1 மில்லிமீட்டர் ஆழமும், அடியில் 0.025 மில்லிமீட்டர் ஆரமும் கொண்ட கீறல், இங்கிலிஸின் சூத்திரப்படி, அவ்விடத்துத் தகைவை ஐந்து மடங்காக்குகிறது, 0.4 மில்லிமீட்டர் ஆழமிருந்தும் அடியில் அந்த ஆழத்துக்குச் சமமான ஆரத்தோடு உருண்டிருக்கும் பள்ளம் மூன்று மடங்கே ஆக்குகிறது. நகத்துக்குத் தட்டுப்படாத கூர்ங்கீறல், கண்ணுக்குத் தெரியும் மழுங்கிய பள்ளத்தைவிடக் கொடியது. உண்மையான உலோகம் இச்சூத்திரத்தின் முழுக் கொடுமையையும் அனுபவிப்பதில்லை என்பதும், அருகருகே வரிசையாக அமைந்த கீறல்கள் ஒன்றின் சுமையை ஒன்று பகிர்ந்துகொள்வதால் தனித்த ஒரு கீறலை விடச் சாதுவானவை என்பதும் பின்னால் தெரியவந்தன. எனவே, கடைசல் யந்திரத்தின் உளி சீராகப் பதித்த வரிகளைக் காட்டிலும், வேலை முடிந்தபின் கவனக்குறைவால் விழுந்த ஒற்றைக் கீறல் அதிக ஆபத்தானதாக இருக்கக்கூடும். திசையும் முக்கியம். அச்சைச் சுற்றி வளையமாகப் படியும் உளிவரிகள் இழுவிசைக்குக் குறுக்கே கிடப்பதால் தீங்கு பெரிது. நீளவாக்கில் கிடக்கும் கீறல்களுக்கு அத்தீங்கு இல்லை. இறுதி மெருகை உப்புத்தாளால் நீளவாக்கில் இழுத்து முடிக்க வேண்டும் என்ற விதி இதிலிருந்தே பிறந்தது.

இந்த அறிவு புத்தகத்தில் நின்றுவிடாமல், ரயில்வே பட்டறைகளின் அன்றாட அனுஷ்டானமாகிவிட்டது. புதுச்சேரிப் பாதையை நடத்திய தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பட்டறை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920-களின் இறுதியில் அது திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்குக் குடிபெயர்ந்தது. இத்தகைய பட்டறையில் அச்சு ஒன்றைக் கடையும் விதத்தைப் பார்த்தால், அதன் ஒவ்வொரு வழக்கத்துக்கும் பின்னால் ஒரு முறிவின் பாடம் இருப்பது விளங்கும். சம்மட்டி அடியால் உருவான அச்சின் உடல் முழுவதும், அது எதனோடும் உராயப் போவதில்லை என்றாலும், கருஞ்செதில் நீங்கும்வரை கடையப்படுகிறது. தடிமன் மாறும் இடமெல்லாம் மூலை தெரியாதபடி வளைவாக இழைக்கப்படுகிறது. வார்ப்பு எண், தேதி, பட்டறை முத்திரை ஆகியவை நடு உடலில் பொறிக்கப்படாமல், தகைவு எட்டாத நுனி முகத்தில் மட்டுமே பொறிக்கப்படுகின்றன. வில்லியனூர் நிலையத்தில் நின்ற பெட்டியின் அடியில் குனிந்து பார்த்தவர், எண்ணின் உளிப்பதிவுகூட அச்சின் ஆயுளைக் குறைக்கும் என்ற அச்சத்தால் ஒரு எழுத்தும் பதியாது விட்ட உருண்ட இரும்பைத்தான் பார்த்திருப்பார்.

வெடிப்பைத் தேடும் முறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஜங்ஷனில் வண்டி நின்றதும் ஊழியர் ஒருவர் நீண்ட காம்புடைய சுத்தியலால் சக்கரங்களைத் தட்டி ஓசை கேட்டுக்கொண்டு போவது, சக்கரத்தின் பிளவைக் கண்டுபிடிக்க உதவியதேயன்றி, அச்சின் மயிரிழை வெடிப்பைக் காட்டிக்கொடுக்கப் போதுமானதாக இல்லை. பட்டறையிலோ, அச்சை எண்ணெயில் நனைத்துத் துடைத்து, சுண்ணாம்புப் பொடிக் குழம்பைப் பூசி உலரவிடுவார்கள்; வெடிப்பு இருக்குமாயின், அதற்குள் ஒளிந்திருந்த எண்ணெய் கசிந்து, வெண்பரப்பில் மெல்லிய கறைக்கோடு ஒன்று எழுந்து நிற்கும். இரண்டாவது உலக யுத்தக் காலத்தில், உலோகத்துக்குள் கேளா ஒலியைச் செலுத்தி எதிரொலியால் வெடிப்பைக் காணும் கருவியை அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஃபயர்ஸ்டோன் உருவாக்கினார். மேற்பரப்பின் மேடு பள்ளங்களை வகைப்படுத்தும் வரைகோட்டை 1933-இல் அபட் என்பவரோடு சேர்ந்து வகுத்தவரும் இதே ஃபயர்ஸ்டோன்தான். சொரசொரப்பை அளப்பதும், அதிலிருந்து பிறக்கும் வெடிப்பைத் தேடுவதும் ஒரே மனிதரின் சிந்தையில் அடுத்தடுத்து உதித்தன. அதுவரை விரல் நகத்தால் தடவிப் பார்த்துச் சொல்லிவந்த வழவழப்பு, அதன்பின் மைக்ரோமீட்டர் கணக்கில் எழுதப்பட்டது: சாதாரணக் கடைசலுக்கு 1.6 முதல் 6.3 வரை, சாணையிட்டதற்கு 0.2 முதல் 0.8 வரை. வரைபடங்களில் தலைகீழ் முக்கோணங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டு வழவழப்பின் தரத்தைக் குறித்த பழக்கத்தை நம் மூத்த கடைசல்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

ரயில் கொண்டுவந்த கேள்வி, ரயில் பாதையோடு நின்றுவிடவில்லை. பாதை எட்டாத பாகூரையும் அது வேறொரு வழியாக வந்தடைந்தது. அந்த வழி தண்ணீர். 1870-களின் இறுதியில் புதுச்சேரிப் பிரதேசத்தில் பூமியை ஆழத் துளைத்தபோது, அடியிலிருந்த நீர் தன் அழுத்தத்தாலேயே மேலேறிப் பொங்கி வழிந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் அந்தப் பொங்கு ஊற்றுகளை ஆராய்ந்து 1880-இல் எழுதினார். தானே பொங்கும் நீருக்குச் சுழலும் இரும்பு எதுவும் வேண்டியதில்லை. காலப்போக்கில் நீரை இறைப்பது பெருகி, நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்து, முதலில் எண்ணெய் எஞ்சினும் பிறகு மின்சார மோட்டாரும் வயலுக்கு வந்தன. நிமிஷத்துக்கு 1,440 முறை சுழலும் பம்பு ஷாஃப்ட், ஒரு மணி நேரத்தில் 86,400 சுற்றுகளையும், 116 மணி நேரத்தில் ஒரு கோடிச் சுற்றுகளையும் முடித்துவிடுகிறது. தேர்ச் சக்கரம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சுழன்றாலும் எட்ட முடியாத எண்ணை, ரயில் அச்சு ஐந்து மாதத்திலும், பம்பு ஐந்தே நாளிலும் எட்டிவிடுகின்றன. இவ்வேகத்தின் முன்னே மேற்பரப்பின் குற்றம் ஒளிந்துகொள்ள இடமில்லை. பம்பின் வார் இழுக்கும் இழுப்பு ஷாஃப்ட்டை வளைத்துக்கொண்டே இருக்க, அதன் தோள்பட்டை மூலையும், சாவிப் பள்ளத்தின் கூரிய விளிம்பும், பேரிங் இறுகப் பிடிக்கும் இடமும் வெடிப்பு பிறக்கும் இடங்களாகின்றன.

இக்காரணத்தால்தான் நெல்லும் கரும்பும் விளையும் இக்கிராமங்களின் சாலையோரங்களில் லேத் பட்டறைகள் தோன்றின. தேய்ந்துபோன ஷாஃப்ட்டை விவசாயி அவசரமாகக் கொண்டுவந்து போடுவார். பயிர் காய்கிறது, மாலைக்குள் வேண்டும். தேய்ந்த இடத்தில் வெல்டு வைத்து ஏற்றி, பழைய அளவுக்குக் கடைந்து கொடுப்பது எளிய வழி. ஆனால் உருகி உறைந்த உலோகம் சுருங்கும்போது, பாரம் ஏறுவதற்கு முன்னரே மேற்பரப்பில் இழுவிசை ஒன்று தங்கிவிடுகிறது. வெல்டின் விளிம்பில் நுண்துளைகளும் மடிப்புகளும் விழுகின்றன. அதன்மேல் ஆழமான வெட்டோடு அவசரக் கடைசலும் சேர்ந்தால், பளபளப்பாகத் திரும்பிய ஷாஃப்ட் முன்னிருந்ததைவிடச் சீக்கிரம் முறிகிறது. நீரும் தன் பங்கைச் செய்கிறது. துருப்பிடித்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு பள்ளம். அரிப்பும் அயர்வும் கைகோத்துக்கொண்டால் வோலர் கண்ட பத்திரமான எல்லையே மறைந்துவிடுகிறது என்பது, 1920-களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மக்காடம் செய்த பரீக்ஷைகளால் நிலைபெற்ற உண்மை. கரும்புச் சாற்றின் புளிப்பும் இவ்வரிப்புக்குத் துணைபோவதால், கரும்பு பிழியும் உருளைகளின் கழுத்துகளை ஆலைக்காரர்கள் ஒவ்வோர் அரவைப் பருவத்துக்கு முன்பும் சோதிக்க வேண்டியிருக்கிறது.

மேற்பரப்பைக் கெடுக்காமல் காப்பதோடு நில்லாமல், அதை வலுப்படுத்தவும் மனிதன் கற்றுக்கொண்டான். வெடிப்பு திறப்பதற்கு இழுவிசை வேண்டும். ஆகையால் மேற்பரப்பில் நிரந்தரமான அமுக்கம் ஒன்றைக் குடியேற்றிவிட்டால் வெடிப்புக்கு வாய் திறக்க இயலாது. 1930-களில், அச்சின் கழுத்தையும் சக்கரம் பொருந்தும் இடத்தையும் கடின உருளைகளால் அழுத்தி உருட்டும் முறையை ஹார்கர் என்ற அமெரிக்கர் ஆராய்ந்தார். அதே காலத்தில் எஃகுக் குண்டுகளைப் பொழிந்து வில் பட்டைகளின் மேற்பரப்பை இறுக்கும் முறையை அல்மென் முதலியோர் வளர்த்தனர். குண்டு பொழிந்த பரப்பு சாணையிட்டதைவிடச் சொரசொரப்பானதாக இருந்தும் அதிக நாள் உழைக்கிறது என்பது, சொரசொரப்பு மட்டுமே சகலமும் அன்று, மேற்பரப்பில் உறையும் விசையும் கணக்கில் வரவேண்டும் என்பதற்கு அத்தாட்சி.

இத்தனைக்கும் பிறகு, வலிமை வேண்டுமானால் உயர்ந்த எஃகை வாங்கினால் போதும் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாகவே இருக்கிறது. அதைச் சோதிக்க ஓர் எளிய கணக்கு உண்டு. எஃகின் அயர்வு வரம்பு, மெருகிட்ட மாதிரியில், அதன் இழுவலிமையில் ஏறக்குறைய பாதி. 400 மெகாபாஸ்கல் இழுவலிமையுள்ள சாதாரண எஃகுக்கு அது 200. 1,000 மெகாபாஸ்கல் உள்ள உயர்தர எஃகுக்கு 500. மேற்பரப்பின் நிலைக்கேற்ப இவ்வரம்பு எவ்வளவு குறையும் என்பதை நோல், லிப்ஸன் என்ற இருவர் 1946-இல் திரட்டிய விவரங்களிலிருந்து பெற்று, எஞ்சினியர்கள் இன்றும் பயன்படுத்தும் சூத்திரங்களின்படி கணக்கிட்டால், சாணையிட்ட சாதாரண எஃகுக்கு 0.95 பங்கு நிற்கிறது, அதாவது 190. உலையிலிருந்து எடுத்தபடி கருஞ்செதிலோடு விட்ட உயர்தர எஃகுக்கோ, செதிலுக்கு அடியில் கரியை இழந்து மெலிந்த படலமும் சேர்ந்துகொள்ள, 0.28 பங்கே நிற்கிறது; அதாவது 141. இரண்டரை மடங்கு வலிமையுள்ள இரும்பு, கரடுமுரடாக விடப்பட்டதால், மெருகேற்றிய எளிய இரும்பிடம் தோற்றுப்போகிறது. எஃகு எவ்வளவுக்கெவ்வளவு உயர்ந்ததோ, அவ்வளவுக்கவ்வளவு தன் மேற்பரப்பில் பட்ட கீறலைப் பொறுத்துக்கொள்ள மறுக்கிறது.

பாகூர்க் கொல்லர் தம் இருசின் நடுவுடலை ராவாமல் விட்டது பிழையன்று. சுழலாத அச்சுக்கு அது போதுமானது, அதற்குமேல் உழைப்பது வீண். சுழற்சி வந்த பிறகும் அதே பழக்கத்தைத் தொடர்வதுதான் பிழை. ஆகவே, லேத் பட்டறைச் சீட்டில் இறுதி மெருகுக்கும் தோள்பட்டை வளைவுக்கும் தனியே கூலி கேட்கப்பட்டால், அதை அலங்காரச் செலவென்று எண்ணிப் பேரம் பேசிக் குறைக்கும் விவசாயி, தாம் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய எஃகின் வலிமையில் பெரும்பகுதியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வீடு திரும்புகிறார்.